எம்.பி. குடித்த இரண்டாவது தேத்தண்ணி

எங்கள் ஊர் முந்தலுக்கு அப்பால், கடல்நீர் ஏறும் களப்பின் ஓரத்தில் இருக்கிறது. இறால் பண்ணைகள் வந்த பிறகு கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. குழாய்த் தண்ணீர் கேட்பதற்காக ஊரார் எம்.பி.யை எங்கள் வீட்டுக்கு அழைத்தார்கள். அவர் வருமுன்பே வாப்பாவுக்கும் உம்மாவின் தம்பியான மாமாவுக்கும் சண்டை.

"நான் கேக்கிற மாதிரிக் கேட்டாத்தான் மனிசனுக்கு உறைக்கும்" என்றார் மாமா.

"நீ வாயைத் திறந்தா அவர் வண்டிக் கதவைத் திறப்பாரு" என்றார் வாப்பா.

எம்.பி. கதிரையில் அமர்ந்ததும் தேத்தண்ணி வந்தது. எத்தனை கிணறு கெட்டது, பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று வாப்பா பொறுமையாக விளக்கினார். தலையாட்டிக்கொண்டே குடித்த எம்.பி., கோப்பையைப் பார்த்தார்.

"தேத்தண்ணி நல்லாத்தானே இருக்கு, நானா. தண்ணி அவ்வளவு மோசமில்லையே" என்றார் வாப்பாவிடம், அண்ணன் முறை வைத்து.

விருந்தாளி வருகிறார் என்று உம்மா காலையிலேயே முந்தலில் இருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுப்பித்திருந்தார். விருந்தாளிக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அன்றைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் தேவைப்படும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா பாய்ந்தார். "எங்கட புள்ளைகளுக்கு வயித்தால போகுது, நீங்க ருசி பாக்கிறீங்களா? வோட்டுக் கேட்டு வரக்குள்ள மட்டும் நாங்க மனிசரா?"

எம்.பி.யின் முகம் இறுகியது. எழும்பப் பார்த்தார்.

அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. அந்நிய ஆண்கள் முன் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அது வெளியூர்த் தண்ணி, சேர். இது எங்கட கிணத்துத் தண்ணி. இதையும் குடிச்சிப்போட்டுப் போங்க."

கிணற்றுத் தண்ணீரில் போட்ட இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணியை நான்தான் கொண்டுபோனேன். எம்.பி. ஒரு மிடறு குடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் துப்ப முடியவில்லை, விழுங்கினார். பிறகு கதிரையில் நன்றாக உட்கார்ந்து, "எத்தனை கிணறு எண்டு சொன்னீங்க, நானா?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

குழாய் வரச் சில வருடங்கள் எடுத்தன. தண்ணீர் பவுசர் வண்டி அந்தக் கிழமையே வந்தது.

எம்.பி. போனதும், அவர் விழுங்கிய முகத்தை மாமா நடித்துக் காட்ட, வாப்பாவே சிரித்துவிட்டார். அதை உம்மாவுக்கும் காட்டலாமென்று குசினிக்கு ஓடினேன். குடத்தில் நல்ல தண்ணீர் பாதிக்குமேல் மீதி இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து உம்மா அழுதுகொண்டிருந்தார்.

"வீடு தேடி வந்த மனிசனுக்கு உப்புத் தண்ணியக் குடுத்திட்டேனே" என்றார்.

அதற்குத்தானே அவரைக் கூப்பிட்டோம் என்று யோசித்தபடி நான் நின்றேன்.