காதால் படித்தவர்களின் நூலகம்

"...அப்போ காதால படிச்சா கணக்குல வராதா சார்? அதச் சொல்லு மொதல்ல" என்று அஞ்சலை அத்தை கேட்டபோது, அவள் இடுப்பில் இருந்த அன்னக்கூடையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டி நூலகத்தின் சிமெண்டுத் தரையில் ஓடியது, சோதனைக்கு வந்திருந்த அதிகாரி அது தன் செருப்பில் படாமல் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

திருவொற்றியூர்க் கடலோரம், எங்கள் குப்பத்தில் ஒற்றை அறைக் கிளை நூலகம் அது. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பலகை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதையே வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதற்குக் கட்டுப்பட்டோம், எங்கள் வழியில். கம்பெனியில் பகல் ஷிப்டு முடிந்து வரும் ராஜன் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். உள்ளே பெண்கள், பிள்ளைகள், வெளியே வாசலில் வலை பின்னுகிறவர்கள் என்று முப்பது பேர் மூச்சுக் காட்டாமல் கேட்பார்கள். பேப்பர் செய்தி, ராஜா கதை, வேலைக்குப் போகிற பெண்களுக்கான சட்டப் புத்தகம், எல்லாம் அப்படித்தான் எங்களுக்குள் போனது. ஒருநாள் களைப்பில் அவர் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட, "நடுவுல ஒரு பக்கத்த முழுங்கிட்ட நைனா, கக்கு" என்றாள் அத்தை. எழுத்தே தெரியாதவள், அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

வினை வந்தது எங்கள் நேர்மையால். மேசைமேல் வருகைப் பதிவேடு இருக்கும். படித்தது ராஜன், கையெழுத்தும் அவன்தான் போடணும், நாம் போட்டால் 'டூப்பு' ஆகிவிடும் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். நூலகரும் அவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. அதனால் ஏடு முழுக்க, நாளுக்கு ஒரே பெயர்.

அதைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, ஒரு ஆளுக்காக அரசாங்கம் நூலகம் நடத்த முடியாது, புத்தகங்களை டோல்கேட் கிளைக்கு அனுப்பிவிடலாம் என்றார். வாசலில் வண்டியும் நின்றது. முப்பது பேர் கேட்கிறார்கள் என்று நூலகர் மென்று விழுங்கிச் சொன்னதற்கு, "கேக்கறவங்க எல்லாம் வாசகர் ஆயிடுவாங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அத்தை அப்படிக் கேட்டது.

வண்டி அன்று காலியாகத் திரும்பியது. நூலகம் இன்றும் அதே இடத்தில், டைல்ஸ் தரையும் கம்ப்யூட்டருமாக இருக்கிறது. எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி அங்கே அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். உரக்கப் படிக்கிற குரல்தான் போய்விட்டது, வாசலில் வலை பின்னவும் இடமில்லை, கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஆனால் வடசென்னையில் எவன் சார் புத்தகம் படிக்கிறான் என்று என்னிடம் இப்போதும் யாராவது நக்கலடித்தால், நான் வாதாடுவதில்லை. அத்தை அடுத்துச் செய்ததை மட்டும் சொல்லுவேன்.

கூடையை இறக்கி வைத்தாள். கையை முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். தேதி முத்திரைக்காக வைத்திருந்த ஊதா மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து, ராஜன் அண்ணன் பெயருக்குக் கீழே ஒரு கைநாட்டு வைத்தாள். பிறகு அதிகாரியைக் கேட்காமலே ஏட்டையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருந்த முதல் ஆளின் மடியில் விரித்து வைத்தாள்.