பிரக்கிராசியார் வீட்டில் கிடந்த படிவங்கள்

சிபாரிசுக் கடிதத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை, இன்றும் மதிக்கவில்லை. முகஞ் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ரயிலேறிப் போய்க் கொட்டாஞ்சேனைப் பெண்கள் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்த ஆண்டுகளில், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவியருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் படிவம் நிரப்ப உதவும் வேலையை, எவரும் கேளாமலே நான் ஏற்றுக்கொண்டேன். ஆங்கிலம் கற்பித்தவர்கள் சிரித்தார்கள்.

"நன்னூல் படிச்ச நீங்க இங்கிலீஷ் ஃபோம் நிரப்புறீங்களாமே?" என்று ஆசிரியர் அறையில் ஒருத்தி கேட்டாள்.

"ஓம். பிழையில்லாமல் நிரப்புறன்," என்றேன்.

படிவம் கடினமானதன்று. வீடுகளைக் கலங்கடித்தது அதிலிருந்த ஒரேயொரு கேள்விதான்: விண்ணப்பதாரியின் நன்னடத்தையை அறிந்த இருவரின் பெயர். அறிந்தவர் என்றால் அறிந்தவர். எங்கள் சனங்களோ அதைப் பெரிய மனிதர் இருவர் என்றே வாசித்தார்கள். பிள்ளையை ஒருமுறையேனும் கண்டிராத ஒருவரைத் தேடிப்போய், பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்து விறாந்தைகளில் ஞாயிறுதோறும் காத்து நின்றார்கள். சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்த உலகப்போர்க் காலம் அது. பிள்ளைகளின் தேநீரில் மிச்சம்பிடித்த சீனி, அந்த வீடுகளுக்குக் கேக்காகப் போயிற்று.

துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒரு கத்தோலிக்கரின் மூத்த மகள் அவ்வாண்டு விண்ணப்பித்தாள். கணிதத்தில் அவளுக்கு நிகர் எங்கள் பாடசாலையில் இல்லை. முதற்பெயராகத் தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரியாரின் பெயரை எழுதியிருந்தோம். இரண்டாம் பெயரைத் தாமே தேடிக்கொள்வதாகத் தந்தையார் படிவத்தை வாங்கிப்போனார். வெள்ளிக்கிழமை நண்பகலோடு காலம் முடிகிறது. வியாழக்கிழமை பாடசாலை விட்டபோது, வெறுங்கையோடு வாயிலில் நின்றார்.

"ஃபோம் எங்க?"

"பிரக்கிராசியார் வீட்டில, டீச்சர். கோட்டில பெரிய பேருள்ள மனுசன். அவர்ட பேரை எழுதவா எண்டு கேட்டன். வச்சிட்டுப் போங்க, பாப்பம் எண்டார்."

"எப்ப வச்சனீங்கள்?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு முந்தி. பெரியவங்கட கையில குடுத்திட்டு, திருப்பித் தாங்க எண்டு எப்பிடிக் கேக்கிற?" "மூணு நாளாச் சோறு இறங்கல்ல, டீச்சர்."

பெயரைக் கேட்க அந்த வழக்கறிஞரிடம் போனவர் படிவத்தையே விட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் பணிவால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் பெரியவரை நம்பவில்லை என்றாகிவிடுமாம். அந்த அவமரியாதையைவிட மகளின் படிப்புப் போவது அவருக்குத் தாங்கக்கூடிய காரியமாகத் தோன்றியது.

அப்போதே இருவரும் பிரக்கிராசியார் வீட்டுக்குப் புறப்பட்டோம். ஐயா உறங்குகிறார் என்றார் சமையற்காரர். தந்தையார் திரும்ப ஆயத்தமானார். நான் விறாந்தைக் கதிரையொன்றை இழுத்துப்போட்டு அமர்ந்தேன். எங்களைப் போன்றவர்கள் அங்கே நிற்பதுதான் வழக்கம் என்பதைத் தந்தையார் கண்களாலே எனக்கு உணர்த்திக்கொண்டிருந்தார். நான் எழவில்லை.

பிரக்கிராசியார் வெளியே வந்தார்.

"ஆர் நீர்?"

"இவரின்ரை மகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறனான்."

"தமிழோ! பல்கலைக்கழக அலுவலுக்குத் தமிழ் என்னத்துக்கு?"

"தமிழுக்காக வரேல்லை, ஐயா. ஃபோமுக்காக வந்தனான்."

"அவசரப்படாதையும். உள்ளுக்குள்ள ஆக்களை எனக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"சொல்லைப் பிறகு சொல்லுங்கோ. தாளை இப்ப தாங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே அலுமாரியைக் காட்டினார். வழக்குக் கட்டுகளின் கீழே, நாடாவால் கட்டிய நான்கு படிவங்கள் கிடந்தன. எங்களுடையது மூன்றாவது. நான்கும் ஒரே படிவம். நான்கிலும் இரண்டாம் பெயரின் இடம் வெறுமை. கட்டை முழுதாக எடுத்தேன்.

"டீச்சர், நம்மட மட்டும் எடுப்பம்," என்று பின்னாலிருந்து தந்தையார் முணுமுணுத்தார்.

"மற்றதுகள் உமக்கென்னத்துக்கு? தேப்பன்மார் என்னை நம்பித் தந்தவை," என்றார் பிரக்கிராசியார்.

"நம்பினபடியால்தானே இஞ்ச கிடக்குது."

அவருடைய முகம் மாறியது. "கொண்டுபோம். ஆனால் ஒருத்தருக்காகவும் இனி நான் வாய் திறக்கமாட்டன்."

தெருவுக்கு வந்ததும் தந்தையார் படிவத்தின் வெற்றிடத்தைச் சுட்டிக் காட்டினார். "இனி அந்த இடத்தில ஆரை எழுதுற?"

"என்ரை பேரை எழுதுவம்."

"கோவிக்காதீங்க, டீச்சர். உங்கட பேருக்கு அங்க என்ன மதிப்பு?"

"மதிப்பையோ கேட்டிருக்கினம்? பிள்ளையைத் தெரியுமோ எண்டுதான் கேட்டிருக்கினம். ஆறு வருஷமாய்த் தெரியும்."

பஸ் நிறுத்தத்துச் சுவரில் தாளை வைத்து என் பெயரையும், "தமிழாசிரியை" என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும், ஒரெழுத்தும் சாயாமல் எழுதினேன். அவர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். அது எனக்காகவா மகளுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மற்றை மூன்று படிவங்களிலும் முகவரி இருந்தது. துறைமுகப் பக்கத்து ஒழுங்கைகள் அவருக்குத் தெரியும். இருட்டுமுன் மூன்று வீடுகளுக்கும் போனோம். இரண்டு வீட்டார் அயலிலேயே பிள்ளையை அறிந்தவர்களைக் கூப்பிட்டுப் பெயர் எழுதினார்கள். முகத்துவாரத்து மூன்றாம் வீட்டில் தகப்பன் என்மீது பாய்ந்தார்.

"ஆரக் கேட்டு எடுத்தீங்க? எங்கட பிள்ளைக்கு இருந்த ஒரே வழியையும் அடைச்சுப் போட்டீங்களே!"

மறுநாட்காலை அவர் அந்தப் படிவத்தைப் பிரக்கிராசியாரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார் என்று பின்னர் அறிந்தேன். அது அந்த வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை. நான் இன்னும் உரத்துப் பேசியிருக்கவேண்டும். அந்தப் பெண்ணுக்காக என் மனம் இன்றும் ஆறவில்லை.

எங்கள் மூன்றும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே அலுவலகத்தில் முத்திரை பெற்றன. பின்பு நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, தந்தையாரை எதிர்ப்புற நடைபாதையில் நிறுத்திவிட்டு மகளைத் தனியே உள்ளே அனுப்பினேன். இந்த ஆசிரியை யார் என்று ஒருவர் கேட்டாராம். தன் கட்டுரைகளை ஒருநாளும் முதல் முறையிலே ஏற்றுக்கொள்ளாதவர் என்று அவள் சொன்னாளாம். கேட்டவர் சிரித்துவிட்டுக் கணக்குக் கேள்விகளுக்குப் போய்விட்டார்.

தெரிவானோர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவர்கள் அழைத்ததால் நானும் போயிருந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் தந்தையாரைச் சுற்றிக் கூட்டம்.

"ஆரப் பிடிச்சனீங்க? சும்மா சொல்லுங்க, நமக்குள்ளதானே!"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, அவரிடம் நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னார்:

"ஒருத்தரையும் பிடிக்கல்ல. பிள்ளை படிச்சா. ஃபோமை நேரத்துக்குக் குடுத்தம்."

எவரும் நம்பவில்லை. அவர் அதை இன்னொரு முறையும் சொன்னார்.