தட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கை

நிரோஷாவின் குரல் எங்கள் ஊரான திகனப் பக்கத்துத் தக்காளிச் செடிகளுக்கும் தெரியும். அவளுடைய குரல்பதிவு போனில் ஒலித்ததும் செடிகள் இலையைத் திருப்பிக்கொண்டு கேட்கின்றன என்று நான் சொன்னால் என் மருமகள் நம்புவதில்லை. அவளுக்குத் தக்காளி என்பது சந்தையில் விளைவது. நான் என்ன செய்ய?

நிரோஷா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில் பிறந்த பிள்ளை. தகப்பன் அழகையா தேயிலை மலையில் மருந்து அடித்தவர். மகள் படித்து, கண்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். காய்கறித் தோட்டங்களில் கம்பு நடுவதுதான் அவள் வேலை. சும்மா கம்பு அல்ல. மழையை அளக்கும் குவளை ஒன்றும் வெப்பத்தைச் சொல்லும் கருவி ஒன்றும் அதில் இருக்கும். இலையைப் போல ஒரு வெள்ளைத் தட்டும் இருக்கும். செடியின் இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதை அந்தத் தட்டு கண்டியிலுள்ள கணினிக்குச் சொல்லிவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்து நீடித்தால் தக்காளியில் கருகல் நோய் கிளம்பும். காற்று அதை ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குத் தூக்கிப் போகும். இலையில் கறை தெரிந்த பிறகு மருந்து அடித்துப் பெரிய பயன் இல்லை, முன்கூட்டியே அடிக்க வேண்டும். எப்போது என்று சொல்பவள் நிரோஷா.

எங்கள் மலைச்சரிவுத் தோட்டங்களுக்கான கம்பு, பக்கத்து வீட்டு ஸுமைராவின் தோட்டத்தில் நின்றது. ஸுமைராவின் புருஷன் சவூதியில். தனி ஆளாகத் தக்காளி போட்டிருந்தாள். கம்பு நட வந்த அன்றே அவள் நிரோஷாவைக் கெஞ்சினாள்: "நடுத் தோட்டத்துல வச்சா குரங்கு புடுங்கிரும் தங்கச்சி. குசினிப் பக்கம் வையிங்க, நான் பாத்துக்குறேன்." குரங்குகளைப் பற்றி நிரோஷாவுக்கும் தெரியும். போன வருஷம் ஒரு குரங்கு கம்பைப் பிடுங்கி, குவளையைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு பல்லேகல மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போனதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். எனவே கம்பு சமையலறைக் கதவருகே நின்றது.

நோன்பு மாதம் பிறந்தது. கூடவே நிரோஷாவின் எச்சரிக்கையும் வந்தது: "விடியற்காலையிலேர்ந்து இலை காயவே இல்ல. மருந்து அடிச்சிருங்க." எல்லோரும் அடித்தார்கள். சில நாளில் மறுபடியும் அதே எச்சரிக்கை. மறுபடியும் அடித்தார்கள். வானமோ கழுவித் துடைத்த பீங்கான் போல இருந்தது. ஒரு இலையிலும் கறை இல்லை.

"ஒரு மேகம் ஈக்கா பாருங்க!" என்றார் கடைக்கார அரூஸ் நானா. அவருக்கும் தக்காளித் தோட்டம் உண்டு. "இந்தப் புள்ளைக்கு மருந்துக் கடைக்காரன் கமிஷன் குடுக்குறான் போல."

அந்தப் பேச்சு நிரோஷாவின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அடுத்த நாளே பஸ் ஏறி வந்து இறங்கினாள். மழைக் குவளை காய்ந்து கிடந்தது. தட்டைக் குனிந்து பார்த்தவள் ஸுமைராவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதுல சோறு எப்படிங்க வந்துச்சு?"

தட்டின் நடுவே ஒரு சோற்றுப் பருக்கை, முத்து பதித்ததுபோல ஒட்டியிருந்தது. ஸுமைரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! விடியமுன்ன சஹருக்குச் சோறாக்கின சட்டி தங்கச்சி! கழுவின தண்ணியக் கதவத் தொறந்து வீசுவேன். செடிக்காவது போகட்டுமேண்டு."

நிரோஷா கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நோன்பு மாசம்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க விடியுறதுக்கு முன்னாடி சட்டி கழுவுறது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! சோறு ஒட்டுன தட்டு காயாம இருக்கவும் பனின்னு நெனச்சிருச்சு."

அன்றே கம்பைத் தோட்டத்து நடுவுக்கு மாற்றினார்கள். குரங்குக்காக ஸுமைரா சுற்றிலும் முள் கட்டினாள். மாலையில் எல்லோர் போனிலும் நிரோஷாவின் குரல் வந்தது: "கம்ப தப்பான எடத்துல நட்டது நான்தாங்க. ரெண்டு தடவ வீணா மருந்தடிக்க வச்சிட்டேன். மன்னிச்சிருங்க." சட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஸுமைரா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

பிறகு, உண்மையான பனி வந்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்திலிருந்து எழும்பி, சரிவு முழுக்க மூடிக்கொண்டது. எங்கள் வீட்டுச் சேவல் விடிந்தது தெரியாமல் நண்பகல் லுஹர் பாங்குக்குத்தான் கூவியது. கூவிய வெட்கத்தில் அன்று முழுக்கத் தலையைக் காட்டவே இல்லை. நிரோஷாவின் மூன்றாவது எச்சரிக்கை வந்தது: "இது நிச்சயங்க. இன்னிக்கே அடிச்சிருங்க."

ஒருவரும் அசையவில்லை.

"அவளே பிழையிண்டு சொன்னாளே," என்றார் அரூஸ் நானா. "இதுக்கும் நாளைக்கு ஒரு மன்னிப்பு வரும், பொறுங்க."

ஸுமைரா தன் தோட்டத்துக்கு மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்துத் தோட்டம் கருகினால் காற்று வேலி பார்த்து நிற்காது. அதைவிட, அந்தப் பிள்ளையின் சொல் தன் சட்டித் தண்ணீரில் கரைந்துபோனது அவளுக்குப் பொறுக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து, தோட்டக்காரர்கள் நோன்பு திறக்கச் சாமான் வாங்க நிற்கும் நேரம் பார்த்து அரூஸ் நானாவின் கடைக்குப் போனாள். நான் பேரீச்சம்பழம் வாங்கும் சாட்டில் கூடவே போனேன். இப்படியான விஷயத்தை நான் தவறவிடுவேனா?

"நானா, சட்டியும் என்ட, தண்ணியும் என்ட," என்றாள். சஹர் கதை முழுவதையும் சொன்னாள். "அந்தப் புள்ள என்னக் காட்டிக் குடுக்காம தன்ட தலையில போட்டுக்கிட்டா. இப்ப கம்பு நடுத் தோட்டத்துல ஈக்கு. அங்க போய் நான் சட்டி கழுவல்ல."

அரூஸ் நானா தாடியைத் தடவினார்.

"அப்ப நாங்க ரெண்டு தடவ அடிச்சது ஒங்கட சோத்துத் தண்ணிக்கா?"

"ஓம் நானா."

"நல்ல சோறு," என்றார். சொல்லிவிட்டுக் கடையை மகனிடம் விட்டு, மருந்து டாங்கியைத் தோளில் போட்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். வறண்ட தொண்டையோடு, நோன்பு திறப்பதற்கு முன் சரிவு முழுக்க அடித்து முடித்தார்கள்.

நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் அந்த வாரம் நெருப்பு வைத்ததுபோல் கருகின. எங்கள் பக்கமும் சில செடிகள் போயின, பொய் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் காய்த்துச் சிவந்தது.

பெருநாளுக்கு முன் ஒரு மாலை ஸுமைரா நிரோஷாவையும் என்னையும் கூப்பிட்டு நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அரூஸ் நானா ஒரு பெட்டி தக்காளி கொண்டுவந்து, பேச வெட்கப்பட்டு, அவள் காலடியில் வைத்துவிட்டு நின்றார். "ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்கு துஆக் கேட்டேன் தங்கச்சி," என்றாள் ஸுமைரா. நிரோஷாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இத கழுவிட்டு வாறேன்க்கா. தண்ணிய எங்க ஊத்துறது?"

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் தெருப் பக்கம் கையைக் காட்டினோம்.