மேட்டுக்குப் பூட்டிய சக்கரம்

கரிந்த எண்ணெயும் ஈரத் தேயிலையும் கலந்த மணம் எங்கிருந்து வந்தாலும் என் கால்கள் தாமாகவே வேகமெடுத்துவிடும். பஸ் போய்விடுமோ என்ற பதற்றம் இன்னும் அந்த மணத்துக்குள் இருக்கிறது.

றக்வானைக்கு அப்பால், பள்ளத்துக்குள் கிடந்த "கீழ்க்கணக்கு" லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் படிக்கப் போன முதல் ஆள் நான். இன்றும் அதைத் தலை நிமிர்த்தித்தான் சொல்வேன். மேலே பிரதான வீதியில் காலையில் டவுனுக்கு ஒரே ஒரு பஸ். அங்கே ஏறிச் செல்ல மழை அறுத்துப்போட்ட கல்ரோடு. மூச்சு வாங்க ஏறி, அட்டைக்கடி இரத்தம் வெள்ளை உடுப்பில் படிந்து, பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்கள் கூடக்கூட, "இப்பிடி அலையிறதுக்கு, பேசாம பேர் பதிஞ்சிரலாம்" என்று அப்பா சொல்லத் தொடங்கினார். பேர் பதிவதென்றால், தோட்டத்து வேலையாளாகிக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்வது. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வீட்டுக்குள் நிற்க முடியாது. வாசலுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

யுத்தநிறுத்தக் காலத்தில், தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த என் அண்ணன் சிவா ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்மதுளைப் பக்கத்துச் சமதரையில் அதைப் பறக்கவிடுவதுதான் அவனுடைய சந்தோஷம். ஆனால் காலையில் என்னைப் பின்னால் ஏற்றினால், பாதி மேட்டில், முள்முருங்கை மரம் நின்ற முடக்கு வளைவில் அது இருமி நின்றுவிடும். நான் இறங்கித் தள்ளுவேன், பஸ் போய்விடும்.

"சின்னப் பல்லுச் சக்கரம், அதான் இழுக்க மாட்டேங்குது. பெரிய சில்லுக்குத்தாண்டா பலம், லொறியப் பாரு" என்றார் அப்பா. இன்ஜின் பக்கத்துக்கு ஒன்று, பின்சில்லுக்கு ஒன்று என்று இரண்டையும் பெரிதாகவே வாங்கிவந்தான் அண்ணன். "தெகம லொக்குத?", இரண்டுமே பெரிசா என்று சிங்களக் கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டாராம்; இவனும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறான். லயமே சுற்றி நிற்க, செயினுக்குக் கண்ணி சேர்த்து, இரண்டையும் பூட்டினார்கள். மறுநாள் அதே முடக்கில், அதே இருமலோடு வண்டி நின்றது.

அன்று மாலை, "இந்த மாசத்தோட போதும்" என்றார் அப்பா. கழற்றிப்போட்ட பழைய சக்கரங்கள் சாக்கில் கிடந்தன. சும்மா இருக்க மாட்டாத என் விரல் அவற்றின் பற்களை எண்ணியது. பிறகு வண்டியில் இருந்தவற்றையும் எண்ணியது. பின்சக்கரத்துப் பற்களை முன்சக்கரத்துப் பற்களால் வகுத்தேன்; பின்னது ஒரு சுற்றுச் சுற்ற முன்னது எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. பழைய சோடிக்கும் புதிய சோடிக்கும் ஏறக்குறைய ஒரே விடை.

"அண்ணே, ரெண்டையும் பெரிசாக்குனா ஒன்னும் மாறாது. பின்னுக்குப் பெரிசு இருக்கட்டும், முன்னுக்குப் பழைய சின்னதையே போடு."

அண்ணனின் கூட்டாளி ரவி சிரித்தான். "ஏன் தங்கச்சி, நீங்களே கராஜ் ஒன்னு தொறங்களேன்!"

"தொறந்தா மொதல்ல உங்க வாய்க்குத்தான் பிரேக்கு போடணும்" என்றேன். அடுப்படியிலிருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நேர் ரோட்டுல ஓடாதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஓடும். வேகமா ஓடாது."

அவன் பின்சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். பிறகு ஸ்பேனரை எடுத்தான்.

மறுநாள் வண்டி அலறிக்கொண்டே ஏறியது. "முன்னுக்குச் சாஞ்சுக்க!" என்று கத்தினான், அவன் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டேன். முள்முருங்கை பின்னால் போனது. மேலே போய் நாங்கள் நின்ற பிறகுதான் பஸ் வந்தது. பேர் பதியும் பேச்சை அப்பா அதன்பின் எடுக்கவில்லை.

ஆனால் பெல்மதுளை ரோட்டில் எல்லோரும் அண்ணனை முந்திப் போனார்கள். "தையல் மெசின் வருது, வழி விடுங்கடா!" என்பான் ரவி. நான் உயர்தரம் முடிக்கும்வரை அண்ணன் அந்தப் பெரிய பல்லுச் சக்கரத்தை மாற்றவில்லை. நான் ஆசிரியர் கலாசாலைக்குப் புறப்பட்ட கிழமையில்தான் கழற்றினான். அது பிறகு அம்மாவின் சோற்றுப்பானைக்குப் பிரிமணையானது.

இன்று அந்த ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள், முள்முருங்கையை வெட்டிவிட்டார்கள், எங்கள் வண்டியின் அலறலைக் கேட்டு நேரம் சொன்ன லயம் பாதி இடிந்து கிடக்கிறது. அதே ரோட்டால் நான் படிப்பிக்கப் போகும் ஸ்கூட்டரில் செயினே இல்லை. அண்ணன் வளைகுடா நாடொன்றில் லொறி ஓட்டுகிறான். "இங்க மேடே இல்ல தங்கச்சி, ஒரே நேர் ரோடு, பறக்கலாம்" என்று போனில் சொல்லும்போது அவன் குரலில் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை கேட்கிறது.

அந்த முடக்கு வந்ததும் நான் இன்னும் முன்னுக்குச் சாய்கிறேன். நெற்றியில் காற்றுத்தான் முட்டுகிறது.