சித்தப்பா போட்ட இரண்டாவது சீட்டு

செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் சித்தப்பா, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே வீட்டின் கொல்லையில் சொந்தமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், மரச்சட்டம், மேலே இழுத்துக் கட்டிய துணி. ஒரே ஓர் ஆள் உட்காரலாம். எஞ்சினுக்குத் தெம்பு போதாதென்று சட்டங்களை இழைத்து இழைத்து மெலியவைப்பார். ஓர் ஆணி கூடினாலும் முகம் சுளிப்பார்.

அதில் அவருக்கு அடுத்தபடி உட்காரும் உரிமை எனக்குத்தான் என்று எட்டு வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன். வந்து சேர்ந்தாள் எதிர்வீட்டு அக்கா!

சமநிலை பார்க்க விமானத்தைக் குறுக்குக் கட்டைமேல் நிறுத்தி, உள்ளே ஒருவரை உட்காரவைக்க வேண்டும். மூக்கு தாழ்கிறதா, வால் தாழ்கிறதா என்று சித்தப்பா வெளியே நின்று பார்ப்பார். மாலையானால் அந்த அக்கா தலை நிறையப் பூவோடு வந்து ஜம்மென்று ஏறி உட்கார்ந்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

"நான் உக்கார்றேன் சித்தப்பா!"

"உன் வெயிட்டு பத்தாதுலா. ஓட்டப்போறது நானு. என் வெயிட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

"அக்கா மட்டும் உங்க வெயிட்டா?"

அவள் குச்சி மாதிரி இருப்பாள். சித்தப்பாவோ உட்கார்ந்தால் நாற்காலி முனகும். அவர் சட்டென்று வால்பக்கம் போய்விட்டார். அக்கா குனிந்து சிரித்தாள். அவளைப் பிடித்துக் கீழே தள்ளலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் பாவாடை மடியில் இரும்பு நட்டுகளைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறினேன். சித்தப்பா கன்னத்தைக் கிள்ளி, நட்டுகளோடு என்னைத் தூக்கி இறக்கிவிட்டார். எடை ஏறட்டும் என்று சோற்றை அள்ளி அள்ளி அடைத்தேன். வயிற்றில் பூச்சி என்று அம்மா விளக்கெண்ணெய் கொடுத்ததுதான் மிச்சம்.

பிறகு ஒருநாள் சித்தப்பா உடல்கூட்டை அறுத்து அகலமாக்கத் தொடங்கினார். பக்கத்திலேயே இன்னொரு சீட்டு!

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு ஆளத் தூக்கவே முக்குற எஞ்சின்டா இது. ரெண்டு சீட்டு போட்டா எப்படிடா எழும்பும்?"

கணக்குத் தெரியாதவரா சித்தப்பா? சிரித்துக்கொண்டே அறுத்தார். அந்த விமானம் கடைசிவரை எழும்பவில்லை, அது வேறு கதை.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"சித்தப்பா எனக்கு சீட்டு போட்டாச்சு. இனிமே நீங்க வரவேணாம்!"

"ரெண்டு சீட்டா?" என்று கேட்ட அக்காவின் முகம் குப்பென்று சிவந்தது. விருட்டென்று உள்ளே ஓடிப்போனாள். நல்லா வேணும், பொறாமையில் வெந்து சாகட்டும் என்று குதித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.