இடது கால் இல்லாத பந்தல்

இந்த ஊரில் வீட்டுக்கு நம்பர் பிளேட் உண்டு. நம்மூரில் சொன்னால் சிரிப்பார்கள். கனடாவில் எண்ணெய்க் குழாய் பதிக்கிற வேலைக்கு வந்த வெல்டர் நான். குழாய் நகர நகர நாங்களும் நகர வேண்டும் என்பதால், யாரோ ஓட்டித் தேய்த்த மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி அதிலேயே குடித்தனம். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. அதன் பக்கவாட்டில், மேலே, ஒரு துணிக்கூரையைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஆனிங் என்பார்கள். இழுத்து விரித்து இரண்டு பக்கமும் அலுமினியக் கால் கொடுத்தால் வாசலில் நிழல். எங்கள் வண்டியில் துணியும் உருளையும் இருந்தன; இடது பக்கத்துக் காலும் அதைச் சுவரோடு பிடிக்கிற கொக்கியும் இல்லை. விற்றவனைக் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான். குளிர் நாட்டில் நிழலுக்கு என்ன அவசரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

நைனா செத்துப்போன தந்தி வந்தபோதுதான் அந்தக் கால் வேண்டியதாயிற்று. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தந்தி இரண்டு முகாம்கள் சுற்றி என் கைக்கு வருவதற்குள் சாம்பலையும் கரைத்துவிட்டார்கள். மூத்தவன் நான் இருக்க, தம்பி கொள்ளி வைத்திருக்கிறான். என் மனைவி சரோஜா நிறைமாதம். அவளை இந்தப் பொட்டல் காட்டில் விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. கருமாதியையாவது இங்கே செய்வோம் என்று முடிவு செய்தேன். அடுத்த முகாமிலிருந்து நாலைந்து தமிழ் ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? பந்தல் இல்லாத சாவு வீடு உண்டா?

உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்தில், எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் நைனாவை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சவுக்குக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். வயல் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் சரி. ஒரு தடவை பெண்டாட்டியைப் பறிகொடுத்த பங்காளி ஒருத்தர், சும்மா இருக்க முடியாமல் எழுந்து வந்து பந்தல்காலில் கை வைத்தார். நைனா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"நீ குந்துய்யா. அழுவுறது உன் வேல. பந்தல் எங்க வேல."

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். சாவு வீட்டுக்காரன் பந்தல்காலைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பந்தல் இன்னொரு உயிர் கேட்கும் என்பார்கள்.

நான் வெல்டர். வேலையிடத்தில் துண்டுக் குழாய் குவிந்து கிடக்கிறது. ஒன்றை அளவாக வெட்டி, நுனியில் ஒரு கொக்கி பற்ற வைத்தால் தீர்ந்தது. குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சரோஜா வாசற்படியில் நின்று மறித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க கை வெக்காதீங்க. வவுத்துல ஒண்ணு கீது."

குழாயைக் கீழே போட்டேன். தினமும் கம்பெனிக்காரனுக்கு மைல் கணக்கில் பற்ற வைக்கிற கை, பெற்றவனுக்கு ஒரு கால் செய்ய உதவவில்லை.

பக்கத்து வண்டியில் கார்ல் என்ற கிழவர், மனைவியோடு இருந்தார். அவரிடம் போனேன். என் இங்கிலீஷ் குழாய்க்குப் போதும், இதற்குப் போதவில்லை. அப்பா இறந்துவிட்டார், கூரை போட வேண்டும், நான் தொடக்கூடாது என்றேன். வருத்தம் சொன்னார். அப்புறம், அப்பா இறந்ததற்குக் கூரை எதற்கு என்று கேட்டார். கையை மேலே தூக்கிக் காட்டி, கூடாது என்று தலையாட்டினேன். அவர் என் தோளைப் பார்த்துவிட்டு, அங்கேதான் வலி என்று புரிந்தவர்போலத் தலையை ஆட்டினார். பழைய வண்டிகளை உடைத்துப் போடுகிற யார்டுக்குப் போய், எங்கேயோ துழாவி, ஒரு காலும் கொக்கியும் கொண்டுவந்தார். அது வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை, பச்சைப் பெயின்ட் வேறு. அடியில் ஒரு கட்டை வைத்துச் சரிசெய்தார். கிழவரும் கிழவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் துணியை விரிக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அழுகை வந்தது. தந்தி வந்த அன்றைக்கு வராத அழுகை. நைனா சொன்ன வேலையைத்தான் செய்தேன். கார்ல் ஓடிப்போய்த் தைலக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார். தோளுக்குத் தேய்த்துக்கொள், மூட்டு வலி பொல்லாதது என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பந்தலின்கீழ் கருமாதி நடந்தது. ஐயர் இல்லை, குளம் இல்லை; பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் முழுகினேன். ஊராக இருந்தால் காரியம் முடிந்த கையோடு, போட்டவர்களே பந்தலைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு கயிறுகூடச் சாவு வீட்டில் தங்காது; தங்கினால் சாவும் தங்கும் என்பார்கள். கார்லிடம் போய், கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. உனக்காகத்தான் ரிவெட் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறேன், இனி அது உன் வீட்டோடு இருக்கும் என்றார். அந்த மனிதரிடம் அதற்குமேல் என்ன பேசுவது? சுருட்டி மட்டும் கொடுத்தார்.

குழாய் நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். மகள் பிறந்து இப்போது தவழ்கிறாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் மேலே அந்தப் பச்சைக் கால் கடகடவென்று ஆடும். சரோஜா குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். திருப்புலிவனத்தில் நைனாவுக்குப் போட்ட பந்தலைக் காரியம் முடிந்த அன்றைக்கே பிரித்திருப்பார்கள். இங்கே அவருக்குப் போட்டதைச் சுருட்டி என் வீடு தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. வெயில் காலம் வந்தால் மற்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் ஆனிங்கை விரித்து நிழலில் உட்காருகிறார்கள். எங்களுடையதை விரிப்பதில்லை. கெட்டுப்போய்விட்டதா என்று யாராவது விசாரித்தால், ஆமாம், ஒரு கால் இல்லை என்று சொல்லிவிட்டு வெயிலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.