சித்தி வாங்கிய மடக்குக் கத்தி

ஒரு கத்தி வாங்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவள் எனக்குத் தெரிந்து அம்மாவின் தங்கை ஒருத்திதான். கல்யாணப் புடவையைக்கூட எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அத்தனை நேரம் பார்த்து வாங்கமாட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தி வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சில மாதங்கள் கொழுந்து எடுத்தாள். தோட்டத்துச் சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாக இருந்ததால் மறுபடி போவதென்று முடிவாயிற்று. வேறொரு நாடு, வேறொரு வீடு. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் பஜாருக்குப் போனாள். சோப்பு, சீப்பு எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. கடைசியாக ஓர் இரும்புக் கடையில் நுழைந்து, இருப்பதிலேயே பெரிய மடக்குக் கத்தியாகக் கேட்டாள்.

முதலாளி ஏழெட்டை எடுத்துப் பரப்பினார். "என்னா வேலைக்கும்மா?"

"வீட்டு வேலைக்குத்தாங்க."

"வீட்டு வேலைக்கு இவ்வளவு பெரிசா? ஆடு வெட்டவா போறீங்க?"

"எப்பவும் மடியில இருக்கணுங்க."

சித்தி சிரிக்கவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். ஒன்று இறுக்கம். இன்னொன்று லொடலொடவென்று தானாகவே விரிந்தது. மூன்றாவதைக் காதருகே வைத்துத் திறந்து, "சத்தம் போடுதே" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு ஒரே வேடிக்கை. நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கறுப்பு மரப்பிடி போட்ட ஒன்று அவளுக்குப் பிடித்தது. எனக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் என் கையில் கொடுத்தாள். வீடு வரும்வரை நான் விடவில்லை. அதைக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கொய்யாக்காய் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தால் அங்கே நான்தான் ராணி.

புறப்படும் காலையில் எல்லோரும் மாரியம்மன் கோயிலில் நின்ற நேரம் பார்த்து நான் மட்டும் எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவந்தேன். சித்தியின் பெட்டியில் ஒரு பழைய பாவாடைக்குள் சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்து விறகுக்கு அடியில் ஒளித்தேன். பணக்கார வீட்டுக்குத்தானே போகிறாள், அங்கே குசினியில் பத்துக் கத்தி இருக்காதா? திருட்டுக்கு நியாயம் கண்டுபிடிக்க ஒன்பது வயதே போதும்.

ஒரு வாரம் கழித்து அம்மாவின் போனில் பேசிய சித்தி, முதலில் என்னைத்தான் கேட்டாள்.

"பாப்பா, பெட்டியில இருந்த கத்திய நீ எடுத்தியா? சித்தி ஏச மாட்டேன், சொல்லு."

"இல்ல சித்தி. மாரியாத்தா சத்தியமா."

"சரி. அம்மாகிட்ட குடு."

போனின் சத்தம் வெளியில் கேட்கும். "இந்த வீட்டிலயும் என் ரூமுக்குத் தாப்பா இல்லக்கா" என்று சித்தி சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எங்கள் கதவின் தாழ்ப்பாளும் மழைக்காலத்திலிருந்து உடைந்துதான் கிடந்தது. கயிறு கட்டிச் சமாளித்தோம். ஒரு தாழ்ப்பாளுக்காகவா இப்படி அழுவாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு வருடத்துக்கென்று போனவள் ஏழாம் மாதமே திரும்பிவிட்டாள். பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது. கொழுந்துக்குப் போகவில்லை. அப்பா புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். பட்டப்பகலிலும் அதைப் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தாள்; தண்ணீருக்கு மட்டும் வெளியே வந்தாள். இன்று எனக்கு அவளுடைய அன்றைய வயது. என் வீட்டுக் கதவைத் தாழிடும்போதெல்லாம் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். எத்தனை கோயிலில் விழுந்து எழுந்தாலும் நான் செய்த அந்தப் பொய்ச் சத்தியம் கழியப்போவதில்லை.

அன்று சித்தி திரும்பிவந்த நாலைந்து நாளில், லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே குடத்தோடு சித்தி. செம அடி விழப்போகிறதென்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் குடத்தை வைத்துவிட்டுக் கத்தியை வாங்கி மடக்கினாள். கண்ணை மூடி, ஒற்றைக் கையால் திறந்தாள். சத்தமே வரவில்லை. மறுபடி மடக்கி என் மடியில் வைத்தாள்.

"நீயே வச்சிக்க. எனக்கு இனிமே எதுக்கு?"

அடிக்கும் தப்பினேன், கத்தியும் கிடைத்தது. "சித்தியே எனக்குக் குடுத்துட்டாங்க" என்று கூவிக்கொண்டே லயத்தின் கடைசி வீடு வரை ஓடினேன்.